கிரவுன் பினியன் ரேஷியோவும் லிமிடெட் ஸ்லிப் டிபரன்ஷியலும்: பிக்கப் வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேரன்மகாதேவியில் வாழைத்தார் ஏற்றி ஆரியங்காவு வழியாகப் புனலூர் போகிற பிக்கப்பும், கங்கைகொண்டானில் இருந்து காவல்கிணறு வரை நான்குவழிச் சாலையில் பிஸ்கட் பெட்டி ஏற்றி ஓடுகிற பிக்கப்பும் ஒரே கம்பெனி, ஒரே எஞ்சினாக இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் பின் ஆக்சிலில் இருக்க வேண்டிய பல் கணக்கு ஒன்றல்ல. வண்டி இழுக்கவில்லை, மைலேஜ் இல்லை, சேற்றில் நின்றுவிட்டது என்று வருகிற புகார்களில் பலவற்றுக்குக் காரணம் எஞ்சின் இல்லை, பின்னால் இருக்கிற அந்த இரும்பு உருண்டை, டிபரன்ஷியல் ஹவுசிங்தான். அதைப் பற்றிக் கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும் கீழே.

கிரவுன் 4.10-ன்னு சொல்லுதாங்க. அப்படின்னா என்ன?

புரொப்பல்லர் ஷாப்ட், அதாவது கியர்பாக்ஸில் இருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு, எத்தனை சுற்று சுற்றினால் பின் சக்கரம் ஒரு சுற்று சுற்றும் என்கிற கணக்கு. ஹவுசிங்குக்குள் சின்னதாகப் பினியன், பெரிதாகக் கிரவுன் வீல். கிரவுனின் பல் எண்ணிக்கையைப் பினியனின் பல் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ரேஷியோ. 41 பல் கிரவுன், 10 பல் பினியன் என்றால் 4.10. 41-க்கு 11 என்றால் 3.73. 43-க்கு 11 என்றால் 3.91. 39-க்கு 8 என்றால் 4.88. பழைய வில்லீஸ் சி.ஜே. ஜீப்புகளில் 43-க்கு 8, அதாவது 5.38 இருந்தது. எஞ்சின் சின்னது என்றாலும் அவை எந்த மேட்டிலும் ஏறியதற்கு அந்த எண் ஒரு காரணம்.

ஒன்றைக் கவனித்தீர்களா? 40-க்கு 10 என்று யாரும் வெட்டுவதில்லை. அப்படி வெட்டினால் பினியனின் ஒரு பல், கிரவுனில் அதே நான்கு பற்களைத்தான் திரும்பத் திரும்பச் சந்திக்கும். ஒரு பல்லில் சிறு குறை இருந்தால் அந்த நான்கும் சீக்கிரம் தேயும், சத்தமும் வரும். 41-க்கு 10 என்றால் ஒவ்வொரு பல்லும் எதிரே உள்ள எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்திக்கும், தேய்மானம் பரவலாகும்.

எண் பெருசா இருந்தா நல்லதா, சின்னதா இருந்தா நல்லதா?

எண் பெரிதானால் இழுவை கூடும், ஒவ்வொரு கியரிலும் வேகம் குறையும். எண் சிறிதானால் நேர்மாறு. பட்டறையில் "லோ", "ஹை" என்று பேசும்போது குழம்ப வேண்டாம். 4.88-ஐ "லோ" என்பார்கள், 3.73-ஐ "ஹை" என்பார்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள், பெயரைக் கேட்டு வாங்காதீர்கள்.

கணக்காகவே பார்க்கலாம். சரக்கோடு 3,000 கிலோ உள்ள வண்டி 8 சதவீத ஏற்றத்தில், அதாவது 100 மீட்டர் போனால் 8 மீட்டர் உயர்கிற மேட்டில் ஏறுகிறது. மேட்டுக்கு சுமார் 2,350 நியூட்டன், சக்கரம் உருளுவதற்கு 440, மொத்தம் ஏறக்குறைய 2,800 நியூட்டன் விசை தேவை. சக்கரத்தின் ஆரம் 34 செ.மீ. என்றால் இரண்டு பின் சக்கரங்களுக்கும் சேர்த்து 950 நியூட்டன் மீட்டர் டார்க் (சுழற்றும் விசை) போய்ச் சேர வேண்டும். மூன்றாவது கியர் 1.4, வழியில் உராய்வில் பத்தில் ஒரு பங்கு போகிறது என்று வைத்துக்கொண்டால், 4.10 கிரவுனுக்கு எஞ்சின் 184 நியூட்டன் மீட்டர் கொடுத்தால் போதும். 3.73 கிரவுனுக்கு 202 வேண்டும். உங்கள் எஞ்சின் அதிகபட்சம் 195 கொடுப்பது என்றால் முதல் வண்டி மூன்றாவதிலேயே ஏறிவிடும். இரண்டாவது வண்டி இரண்டாவது கியருக்கு இறங்கி, எஞ்சின் கத்தக் கத்த ஏறும். பத்து சதவீத வித்தியாசம்தான். ஆனால் மேடு முழுக்க ஒரு கியர் மாறிவிடுகிறது.

அப்ப நான்குவழிச் சாலையில ஓடுற வண்டிக்கு 3.73 போட்டா மைலேஜ் கூடுமா?

சரக்கு லேசாக இருந்து, சாலை சமமாக இருந்தால் கூடும். 215/75 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 606 சுற்று. ஐந்தாவது கியர் 0.8 என்றால் 4.10 கிரவுனில் எஞ்சின் 1,990 சுற்று, 3.73-ல் 1,810. அந்த 180 சுற்றுதான் உங்களுக்கு மிச்சம்.

ஆனால் ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிற அதே காற்று, தார்ப்பாய் கட்டி உயர்த்திய உங்கள் வண்டியின் நெற்றியில் அடிக்கிறது. 3.73 வண்டி ஐந்தாவதில் தாக்குப்பிடிக்காமல் திணறும், நான்காவதுக்கு இறக்குவீர்கள். நான்காவது 1.0 என்றால் எஞ்சின் இப்போது 2,260 சுற்று. 4.10 வண்டி ஐந்தாவதிலேயே 1,990-ல் போய்க்கொண்டிருக்கும். மைலேஜுக்காகப் போட்ட கிரவுன் அங்கே டீசலைக் கூடுதலாகக் குடிக்கும்.

ஆகவே கிரவுன் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் கவனியுங்கள்: சரக்கோடு போகும்போது கடைசி கியரில் எவ்வளவு நேரம் ஓட்டுகிறீர்கள்? பாதி நேரத்துக்கு மேல் கடைசி கியருக்குப் போகவே முடியவில்லை என்றால் எண்ணைக் குறைப்பதில் அர்த்தமில்லை. மைலேஜ் குறைவாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கிரவுன் மாற்றுவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். டயர் காற்று, பிரேக் ஒட்டுதல், ஏர் பில்ட்டர் மூன்றையும் பார்த்துவிட்டு வாருங்கள்.

என் வண்டியில என்ன ரேஷியோன்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ஹவுசிங் மூடியின் போல்ட்டில் சின்னத் தகடு மாட்டியிருந்தால் அதில் இருக்கும். இல்லை என்றால் எண்ணிவிடலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வையுங்கள், கை பிரேக்கை எடுத்துவிடுங்கள். ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். புரொப்பல்லர் ஷாப்ட்டிலும் டயரிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். ஒருவர் தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக 20 சுற்று சுற்றட்டும், இன்னொருவர் ஷாப்ட் எத்தனை சுற்று என்று எண்ணட்டும். 41 வந்தால் 4.10. 37-ஐத் தாண்டிக் கொஞ்சம் வந்தால் 3.73.

சக்கரம் 20 சுற்று என்றால் ஏன் பத்தால் வகுக்கிறோம்? மறு சக்கரம் தரையில் நிற்பதால் கிரவுன் பாதிதான் சுற்றும். தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால் கிரவுன் ஒரு சுற்று. ஒரே ஒரு தடவை சுற்றிப் பார்த்து "நாலும் கொஞ்சமும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 3.91-க்கும் 4.10-க்கும் உள்ள வித்தியாசம் அந்தக் "கொஞ்சத்தில்" ஒளிந்திருக்கிறது.

பெரிய டயர் போட்டா ரேஷியோ மாறுமா?

ஹவுசிங்குக்குள் மாறாது, வண்டி உணர்வது மாறும். 215/75 ஆர்15 டயரின் விட்டம் 703 மி.மீ. 235/75 ஆர்15-ன் விட்டம் 733 மி.மீ. 4.10 கிரவுன் இப்போது 3.93 போல நடந்துகொள்ளும். ஸ்பீடோமீட்டர் 80 காட்டும்போது உண்மையில் 83 போய்க்கொண்டிருப்பீர்கள். இழுவை குறைந்ததோடு பிரேக்குக்கும் வேலை கூடும். பெரிய டயர் மாட்டிவிட்டு "எஞ்சின் வீக் ஆயிட்டு" என்று டீசல் பம்பைக் கழற்றக் கொடுப்பவர்கள் உண்டு.

நாலு சக்கர டிரைவ் வண்டி. பின்னாடி மட்டும் மாத்தினா போதாதா?

போதாது. முன்னும் பின்னும் ஒரே ரேஷியோ இருக்க வேண்டும். 4.10-க்கு 4.11 ஓடும். 3.73-க்கு 4.10 போட்டு கெட்டித் தரையில் போர் வீல் போட்டால் டிரான்ஸ்பர் கேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) முறுக்கிக்கொள்ளும், கியர் லீவர் வெளியே வராது, எது முதலில் உடையும் என்பதுதான் கேள்வி.

கிரவுன் பினியன் மாத்தும்போது மெக்கானிக் எதையெல்லாம் அளக்கணும்?

இங்கேதான் பணம் வீணாகிறது, அதனால் நிதானமாகப் படியுங்கள்.

முதலில், கிரவுனும் பினியனும் ஜோடி. தொழிற்சாலையில் இரண்டையும் சேர்த்தே உரசி, இரண்டிலும் ஒரே ஜோடி எண்ணைப் பொறிக்கிறார்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு வண்டிக் கிரவுனும் இன்னொரு வண்டிப் பினியனும் எடுத்து மாட்டினால் பல் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் ஊளைச் சத்தம் நிச்சயம். எண் பார்க்காமல் வாங்காதீர்கள்.

அடுத்தது பினியன் எவ்வளவு உள்ளே உட்காருகிறது என்பது. பினியன் தலைக்குப் பின்னால் போடும் ஷிம் என்கிற மெல்லிய தகட்டு வளையத்தின் கனம் இதைத் தீர்மானிக்கும். பழைய ஷிம்மை வைத்துத் தொடங்கலாம், அதுவே சரி என்று விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது, பினியன் பேரிங்கின் முன் இறுக்கம், அதாவது மாட்டும்போதே அதற்குக் கொடுக்கும் இறுக்கம். பல வண்டிகளில் இரண்டு பேரிங்குகளுக்கு நடுவே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று இருக்கும். நட்டை இறுக்க இறுக்க அது நசுங்கி பேரிங்கை இறுக்கும். நட்டைச் சிறிது சிறிதாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் பினியனைச் சுற்றிப் பார்க்க வேண்டும். இந்த அளவு வண்டிகளில் பினியனைச் சுற்றத் தேவைப்படும் டார்க், புது பேரிங்குக்குப் பெரும்பாலும் 1.7 முதல் 3.4 நியூட்டன் மீட்டர், ஓடிய பேரிங்குக்கு அதில் பாதி. உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே கடைசி வார்த்தை. இதற்கான சின்ன டார்க் ரெஞ்ச் இல்லாத பட்டறையில் ஒரு ஸ்பிரிங் தராசு போதும்: பினியனின் வெளிமுனைத் தட்டான பிளாஞ்சின் மையத்தில் இருந்து 5 செ.மீ. தள்ளி உள்ள துளையில் கொக்கியை மாட்டி இழுத்தால், தராசு 3.5 முதல் 7 கிலோ காட்டும்போது பினியன் சீராகச் சுற்ற வேண்டும். ஆயில் சீல் போடுவதற்கு முன்பே இதைப் பாருங்கள். இறுக்கம் கூடிவிட்டால் நட்டைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது. நசுங்கிய ஸ்லீவ் திரும்ப எழாது, புது ஸ்லீவ்தான். "கொஞ்சம் லூஸ் பண்ணிவிட்டேன், சரியாயிடும்" என்று யாராவது சொன்னால் அந்த வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நட் ஓட்டத்தில் கழலும்.

நான்காவது பேக்லாஷ், அதாவது பினியனை அசையாமல் பிடித்துக்கொண்டு கிரவுனை ஆட்டினால் எவ்வளவு ஆடுகிறது என்பது. டயல் கேஜை ஒரு பல்லின் நுனியில் வைத்து அளந்தால் பொதுவாக 0.15 முதல் 0.20 மி.மீ. இருக்கும். ஒரு இடத்தில் மட்டும் அளக்கக் கூடாது. கிரவுனைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்து, வித்தியாசம் பெரிதாக வந்தால் கிரவுன் கோணலாக உட்கார்ந்திருக்கிறது. உட்காரும் முகத்தில் பழைய லாக்டைட் பசையோ பிசிறோ இருக்கும், கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கடைசியாக, பல் பதிவு. நான்கைந்து பற்களில் மார்க்கிங் பெயின்ட் தடவி, கிரவுனைக் கொஞ்சம் தடுத்துப் பிடித்துக்கொண்டு பினியனைச் சுற்றினால் தொட்ட இடம் தெரியும். பதிவு பல்லின் உயரத்தில் நடுவே வர வேண்டும். பல்லின் அடிப்பக்கம் ஆழமாக விழுந்தால் பினியன் அதிகம் உள்ளே போயிருக்கிறது, ஷிம் கனத்தைக் குறைக்க வேண்டும். பல்லின் மேல் விளிம்பில் விழுந்தால் பினியன் வெளியே நிற்கிறது, கூட்ட வேண்டும். பதிவு கிரவுனின் உள்பக்க நுனிக்கு ஒதுங்கினால் கிரவுனை விலக்க வேண்டும், வெளிப்பக்க நுனிக்கு ஒதுங்கினால் நெருக்க வேண்டும். இதற்கு நான்கைந்து தடவை கழற்றி மாட்ட வேண்டி வரும். ஒரே தடவையில் மூடி போட்டுவிட்டால் அந்த வேலை நடக்கவே இல்லை என்று அர்த்தம்.

புது கிரவுனை எப்படிப் பழக்கணும்?

முதல் ஓட்டம் சரக்கில்லாமல் 15, 20 நிமிடம். பிறகு நிறுத்தி முழுக்க ஆறவிடுங்கள். 800 கி.மீ. வரை கன சரக்கும் வேண்டாம், மஞ்சோலை ஏற்றமும் வேண்டாம். 800-ல் ஆயிலை மாற்றுங்கள். புதுப் பற்கள் ஒன்றோடொன்று படியும்போது உண்டாகும் சூடு கூடினால் பல்லின் கெட்டித்தோல் போய்விடும், பிறகு எந்த ஆயிலும் காப்பாற்றாது.

பின்னாடி சத்தம் வருது. எதுன்னு எப்படிப் பிரிக்க?

ஆக்சிலரேட்டர் மிதிக்கும்போது மட்டும் ஊளையிட்டு, காலை எடுத்ததும் நின்றால் பல்லின் இழுக்கும் பக்கம் தேய்ந்திருக்கும், அல்லது பினியன் தவறான ஆழத்தில் இருக்கும். காலை எடுத்து வண்டி தானாக ஓடும்போது மட்டும் வந்தால் பினியன் நட்டையும் முன் பேரிங்கையும் முதலில் பாருங்கள். மிதித்தாலும் விட்டாலும் வேகத்தோடு கூடிக் குறைகிற இரைச்சல் பேரிங். வளைவில் மட்டும் வந்தால் ஸ்டார் பினியன் (டிபரன்ஷியலுக்குள் இருக்கும் சின்னக் கியர்) அல்லது சக்கர பேரிங். கிளம்பும்போது ஒரு "டக்" என்றால் ஹவுசிங்கைக் கழற்றுவதற்கு முன் புரொப்பல்லர் ஷாப்ட்டின் யுனிவர்சல் ஜாயின்ட் கிராஸைப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட "டக்" அங்கேதான் இருக்கும், செலவும் குறைவு.

ஒரு சக்கரம் சுத்துது, மறு சக்கரம் அப்படியே நிக்கி. ஏன் அண்ணாச்சி?

டிபரன்ஷியல் எதற்கு இருக்கிறதோ அந்த வேலையைத்தான் அது செய்கிறது. மலைச்சாலையில் ஒரு கொண்டை ஊசி வளைவை எடுங்கள். உள்சக்கரம் 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, வெளிச்சக்கரம் 6.4 மீட்டரில். அரை வட்டம் முடிவதற்குள் உள்சக்கரம் 15.7 மீட்டர், வெளிச்சக்கரம் 20.1 மீட்டர் போகிறது. 4.4 மீட்டர் வித்தியாசம் என்றால் வெளிச்சக்கரம் முழுசாக இரண்டு சுற்று கூடுதல். இரண்டையும் ஒரே இரும்புத் தண்டில் பூட்டியிருந்தால் ஒன்று தரையில் தேய்ந்துகொண்டேதான் திரும்ப முடியும். இதைத் தவிர்க்கத்தான் நடுவில் ஸ்டார் பினியனும் சன் கியரும்.

அதற்கு ஒரு விலை உண்டு. சாதா டிபரன்ஷியல் இரண்டு பக்கத்துக்கும் எப்போதும் சம டார்க்தான் கொடுக்கும். பிசானம் நடவுக்கு நாற்றுக்கட்டு ஏற்றி வந்த வண்டி வரப்பில் இருந்து வழுக்கி, இடது சக்கரம் தொளியில் இறங்கிவிட்டது. அந்தச் சேறு 200 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது, சக்கரம் வழுக்கிவிடும். கெட்டித் தரையில் நிற்கிற வலது சக்கரம் ஆயிரம் தாங்கும், ஆனால் அதற்கும் 200-தான் கிடைக்கும். மொத்தம் 400. நீங்கள் மிதிக்கிற மிதியெல்லாம் இடது சக்கரத்தின் சுழற்சியாகிச் சேற்றை வாரி அடிக்கிறது, வண்டி அசையாது.

சாதா டிபரன்ஷியலை வச்சே வெளியே வர வழி இருக்கா?

இருக்கிறது, செலவில்லாமல். கை பிரேக் பின் சக்கரத்தில் இருக்கிற வண்டியில் முதல் கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, சக்கரம் சுற்றத் தொடங்கும்போது கை பிரேக்கை இரண்டு, மூன்று கிளிக் அளவு இழுத்துப் பிடியுங்கள். சுற்றுகிற சக்கரத்தை பிரேக் தடுக்கிறது. அந்தத் தடுப்பும் ஒரு டார்க்தான், அதே அளவு மறு சக்கரத்துக்கும் போகும். தரையில் நிற்கும் சக்கரம் நகரத் தொடங்கியதும் பிரேக்கை மெல்ல விடுங்கள். இது எல்லாச் சேற்றிலும் வேலை செய்யாது, ஆனால் டிராக்டரைக் கூப்பிடுவதற்கு முன் ஒரு முயற்சிக்குத் தகும். சக்கரத்தை வேகமாகச் சுழலவிட்டு திடீரென்று பிரேக்கைச் சுண்டி இழுத்தால் ஆக்சில் ஷாப்ட் முறியும்.

லிமிடெட் ஸ்லிப்னா என்ன? எத்தனை வகை?

ஒரு சக்கரம் வழுக்கினாலும் மறு சக்கரத்துக்கு அதைவிடக் கூடுதல் டார்க் போகும்படி செய்த டிபரன்ஷியல். தாராளமாகப் பேசினால் நாலைந்து வகை உண்டு, பிக்கப்புக்குப் பேச வேண்டியது இரண்டு.

ஒன்று கிளட்ச் பிளேட் வகை. சன் கியருக்குப் பின்னால் இருபுறமும் பிளேட் அடுக்கு, நடுவில் அவற்றை நெரிக்கும் ஸ்பிரிங். ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்ற முயன்றால் பிளேட் உராய்ந்து தடுக்கும். ஸ்பிரிங் எப்போதும் அழுத்திக்கொண்டிருப்பதால் ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் கொஞ்சம் வேலை செய்யும். பிளேட் தேயும், தேய்ந்தால் சாதா டிபரன்ஷியலாகிவிடும். இதற்குத் தனி ஆயில் வேண்டும், அல்லது சாதா ஆயிலோடு 100 முதல் 120 மி.லி. பிரிக்ஷன் மாடிபையர் (பிளேட் உராய்வைச் சீராக்கும் திரவம்) கலக்க வேண்டும். கலக்காவிட்டால் வளைவில் கடகடவென்று நடுங்கும். புதிதாக ஆயில் மாற்றிய பிறகு காலி மைதானத்தில் மெதுவாக எட்டு வடிவில் பத்துப் பன்னிரண்டு தடவை சுற்றினால் ஆயில் பிளேட்டுகளுக்கு நடுவே போய்ச் சேரும். நடுக்கம் பல நேரம் அதிலேயே நின்றுவிடும்.

இன்னொன்று சாய்பல் கியர் வகை. டார்சென் என்ற பெயரில் பலரும் அறிந்தது. பிளேட் கிடையாது, தேய்வும் நடுக்கமும் இல்லை, சாதா ஜி.எல்.-5 தர கியர் ஆயில் போதும். அதன் திறனைப் பெருக்கல் எண்ணாகச் சொல்வார்கள். 2.5 என்றால் வழுக்கும் சக்கரம் தாங்குவதைப் போல இரண்டரை மடங்கு மறு சக்கரத்துக்குப் போகும். மேலே சொன்ன தொளியில் இடதுக்கு 200, வலதுக்கு 500, மொத்தம் 700. வண்டி வெளியே வந்துவிடலாம். ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அது தாங்குவது சுழியம், சுழியத்தை எதால் பெருக்கினாலும் சுழியம். அப்போது கை பிரேக் வித்தையே மறுபடி கை கொடுக்கும்.

லாக்கர், எம்.எல்.டி., டிராக்ஷன் கன்ட்ரோல் எல்லாம் இதுதானா?

இல்லை. டிராக்டர் ஓட்டியவர்களுக்குக் குதிகாலால் மிதிக்கிற டிபரன்ஷியல் லாக் பெடல் தெரியும். மிதித்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். லாக்கர் அதுதான். டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் சுவிட்ச் போட்டால் பின் டிபரன்ஷியல் அப்படிப் பூட்டும்.

எம்.எல்.டி. (மெக்கானிக்கல் லாக்கிங் டிபரன்ஷியல்) என்று சொல்வது தானாகப் பூட்டுவது. 2020 மஹிந்திரா தாரில் வந்த ஈட்டன் டிபரன்ஷியல் அந்த வகை. இரண்டு சக்கரங்களின் சுழற்சி வித்தியாசம் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்றைத் தாண்டினால் உள்ளே ஒரு எடைக்கல் விரிந்து கொக்கி போட்டு, பிளேட்டுகளை நெரித்து முழுசாகப் பூட்டிவிடும். சுமார் 30 கி.மீ. வேகத்துக்கு மேல் பூட்டாது. பூட்டும்போது "தட்" என்று ஒரு அதிர்வு வரும், அது பழுதல்ல. சிலர் சக்கரம் சுற்றத் தொடங்கியதும் பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள், அது பூட்டுவதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. ஒரே சீராக, மிதமாக மிதித்துப் பிடியுங்கள்.

டிராக்ஷன் கன்ட்ரோல் என்பது கை பிரேக் வித்தையைக் கம்ப்யூட்டர் செய்வது: சுற்றுகிற சக்கரத்தின் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கும். அதிக நேரம் வேலை வாங்கினால் பிரேக் சூடாகும்.

ஸ்டார் பினியனை வெல்டு அடிச்சு லாக் பண்ணிடலாமா? செலவு மிச்சம்ல.

வேண்டாம். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இரண்டு சுற்று வித்தியாசம் டயரிலோ ஆக்சில் ஷாப்ட்டிலோதான் தீர வேண்டும். மழையில் நனைந்த தார்ச்சாலையில் காலி வண்டியின் பின்பக்கம் வளைவில் வெளியே தள்ளும். வெல்டுத் துண்டு உடைந்து பல்லுக்குள் விழுந்தால் சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும். சரக்கு வண்டியில் இது உயிர் விஷயம்.

எந்த மண்ணுக்கு எது வேணும்?

வாழைத்தோட்டம், வயல்வரப்பு, ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் சேறு என்கிற இடங்களில் லிமிடெட் ஸ்லிப் தன் விலையைச் சம்பாதித்துவிடும். மானூர், சங்கரன்கோவில் பக்கக் கரிசலில் மழை பெய்தபின் இரண்டு டயரும் மண் அப்பி வழவழத்துவிடும். இரண்டு பக்கமும் பிடி இல்லாதபோது பங்கு போட எதுவும் இல்லை, அங்கே டயரின் பட்டைதான் முக்கியம். திசையன்விளை, சாத்தான்குளம் தேரி மணலில் முதல் மருந்து டயர் காற்று. சரக்கில்லாத வண்டியில் 18, 20 பி.எஸ்.ஐ. வரை குறைத்து மெதுவாக வெளியே வந்து, தார்ச்சாலை ஏறும் முன் மறுபடி நிரப்புங்கள். சரக்கோடு அந்தக் காற்றில் ஓட்டினால் டயர் பக்கவாட்டில் வெடிக்கும். நாளெல்லாம் தார்ச்சாலையிலேயே ஓடுகிற வண்டிக்கு லிமிடெட் ஸ்லிப் தேவையில்லை. அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்குங்கள்.

என் வண்டியில லிமிடெட் ஸ்லிப் இருக்கான்னு பார்க்க?

இரண்டு பின் சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டில் வைத்து, நியூட்ரலில் ஒன்றைக் கையால் சுற்றுங்கள். மறு சக்கரமும் அதே திசையில் சுற்றினால் பிளேட் வகை. எதிர்த்திசையில் சுற்றினால் பெரும்பாலும் சாதா. ஆனால் எம்.எல்.டி.யும் சாய்பல் வகையும் கையால் சுற்றும்போது எதிர்த்திசையில்தான் சுற்றும், தேய்ந்துபோன பிளேட் வகையும் அப்படியே. சந்தேகம் என்றால் மூடியைத் திறந்து கண்ணால் பார்ப்பதுதான் முடிவு.

இன்னொன்று: லிமிடெட் ஸ்லிப் உள்ள வண்டியில் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, எஞ்சினைப் போட்டு கியர் போடவே கூடாது. தரையில் உள்ள சக்கரம் இழுத்து வண்டி ஜாக்கியை விட்டுப் பாய்ந்துவிடும். இரண்டு பின் டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும். ஒன்று புதிது, ஒன்று வழுக்கை என்றால் நேர்ச்சாலையிலும் பிளேட் தேய்ந்துகொண்டே இருக்கும்.

ஹவுசிங் ஆயில் எது, எவ்வளவு?

கிரவுனும் பினியனும் ஒன்றின் மேல் ஒன்று உருளுவதோடு சறுக்கவும் செய்கின்றன, பினியன் மையத்துக்குக் கீழே அமைந்திருப்பதால். அந்த அழுத்தத்தைத் தாங்க ஜி.எல்.-5 தரம் வேண்டும். 80டபிள்யூ-90 பெரும்பாலான வண்டிகளுக்கு. எப்போதும் கன சரக்கு என்றால், புத்தகம் அனுமதித்தால், 85டபிள்யூ-140. பெரும்பாலான பிக்கப்புகளுக்கு ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர் பிடிக்கும். சமதரையில் நிறுத்தி, நிரப்பும் துளையின் கீழ் விளிம்பில் வழியும் வரை ஊற்றினால் அளவு சரி. மீதியை கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். ஜி.எல்.-4 கேட்கும் கியர்பாக்ஸில் ஜி.எல்.-5 போட்டால் பித்தளை சிங்க்ரோ வளையங்கள் கெடும்.

ஹவுசிங்கின் மேலே விரல்நுனி அளவில் பிரீதர் என்று ஒரு மூடி இருக்கும். மண் அடைத்துவிட்டால் சூட்டில் விரியும் காற்றுக்குப் போக்கிடம் இல்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும், பிரேக் டிரம்முக்குள் ஆயில் இறங்கும். சீலை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை. மாதம் ஒருமுறை கையால் சுற்றி, அசைகிறதா என்று பாருங்கள்.

பழைய வண்டி வாங்கும்போது பின் ஆக்சில்ல எதைப் பார்க்கணும்?

2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணிக் கரையோரம் நீரில் நின்ற வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆக்சில் மூழ்கி நின்ற வண்டியில் பிரீதர், சீல் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்கும். நிரப்பும் துளையைத் திறந்து சுண்டுவிரலை விட்டு ஆயிலைத் தொட்டுப் பாருங்கள். பழுப்பாக, தெளிவாக இருந்தால் நல்லது. காப்பியில் பால் கலந்த நிறத்தில் இருந்தால் தண்ணீர். அப்படி ஓடிய ஆக்சிலில் பேரிங் உருளைகளில் துரு விழுந்திருக்கும், ஆயில் மாற்றினால் மட்டும் போகாது, விலையில் பேரிங் செலவைக் கழியுங்கள்.

பிறகு கீழே உள்ள காந்த பிளக்கைக் கழற்றுங்கள். அதில் சாம்பல் நிறப் பசை போல இரும்புத்தூள் ஒட்டியிருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். அரிசி நொய் அளவில் துணுக்குகள், ஒரு பக்கம் பளபளப்பாக இருந்தால் அது உடைந்த பல். அந்த வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டியதே இல்லை.